சுற்றுச்சூழல் படிப்பு: பெயரைப் பார்க்காதீர்கள், பணியைப் பாருங்கள்

 

மேனிலைப் பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் நெல்லைச் சீமையின் முஸ்லிம் வீடுகளில் ஒரே வரிசைதான் ஒப்பிக்கப்படுகிறது. முதலில் மருத்துவம். அது கிட்டாவிட்டால் பொறியியல். அதுவும் இயலாவிட்டால் பி.காம். முடித்துவிட்டு வளைகுடா. மேலப்பாளையமாயினும் ஏர்வாடியாயினும் கடையநல்லூராயினும் இந்த வரிசை மாறுவதில்லை.

இதற்குள் அடங்காத விருப்பமொன்றை ஒரு பிள்ளை வெளியிட்டால், அதாவது "நான் சுற்றுச்சூழல் துறையில் பணியாற்ற விரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டால், வீடு இரண்டு வகையாக நடந்துகொள்கிறது. சில வீடுகள் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகின்றன. வேறு சில வீடுகள், அக்கறையோடுதான், பெரிய பெயருள்ள பல்கலைக்கழகம் எது, 'சுற்றுச்சூழல்' என்ற சொல் பொறித்த பட்டம் எங்கே கிடைக்கும் என்று தேடி, கேட்ட பணத்தைக் கட்டிச் சேர்த்துவிடுகின்றன. முதல் வகையினரின் தவறு வெளிப்படையானது. இரண்டாம் வகையினரின் தவறு நல்லெண்ணத்தின் போர்வையில் வருவதால் எவரும் அதைத் தட்டிக் கேட்பதில்லை. இக்கட்டுரை அதைத் தட்டிக் கேட்கவே எழுதப்படுகிறது.

இரண்டு பாதைகள்

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு படித்த ஒரு நெல்லை மாணவரின் முன்னே பெரும்பாலும் இரண்டு பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, அண்ணா பல்கலைக்கழகத்தின் பாதை. பொறியியல் கலந்தாய்வு வழியாக ஒரு கல்லூரியில் சேர்ந்து, நான்காண்டுகள் சிவில் அல்லது கெமிக்கல் பொறியியல் படித்து, பின்னர் சுற்றுச்சூழல் பொறியியலில் இரண்டாண்டு எம்.இ. முடிப்பது.

மற்றொன்று, 1990இல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பாதை. அதன் இணைப்புக் கல்லூரிகளுள் ஒன்றில் மூன்றாண்டுகள் வேதியியலோ விலங்கியலோ தாவரவியலோ படித்து, பின்னர் ஆழ்வார்குறிச்சியில் அப்பல்கலைக்கழகம் நடத்திவரும் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் உயராய்வு மையத்தில் இரண்டாண்டு எம்.எஸ்சி. முடிப்பது.

நம் மக்கள் இவ்விரண்டையும் எப்படி எடைபோடுகிறார்கள்? "அண்ணா யுனிவர்சிட்டி என்றால் ஒரு மதிப்பு, ஆழ்வார்குறிச்சி என்றால் யாருக்குத் தெரியும்?" என்கிறார்கள். "பி.இ. என்றால் திருமணப் பேச்சிலும் சொல்லிக்கொள்ளலாம், பி.எஸ்சி. எல்லாரும் படிப்பதுதானே" என்கிறார்கள். இந்த எடைக்கல்லில் பிள்ளையின் விருப்பத்துக்கு இடமில்லை. அவர் நாளை செய்யவிருக்கும் பணி இன்னதென்ற எண்ணமும் அதில் இல்லை. கடை எதற்கென்று தெரியாமல் பெயர்ப்பலகைக்கு வண்ணம் தேடுகிறோம்.

ஆற்றுக்கு யார் வேண்டும்?

படிப்பின் பேச்சை ஒரு கணம் தள்ளிவைத்துவிட்டு, நம் ஆற்றைப் பாருங்கள்.

பொதிகையில் பிறந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணி, முழுவதும் தமிழ் மண்ணிலேயே ஓடி முடியும் ஆறு. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளும், கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையிலான எட்டு அணைக்கட்டுகளும் அதன் நீரைப் பகிர்கின்றன. பழவூர் அணைக்கட்டிலிருந்து பிரியும் பாளையங்கால்வாய்தான் மேலப்பாளையத்தின் வழியே ஓடுகிறது. அந்தக் கால்வாயின் இன்றைய நிலையை மேலப்பாளையத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. காற்று அடிக்கும் திசையே சொல்லிவிடும். மாநகரக் கழிவுநீர் ஆற்றில் கலப்பது குறித்த வழக்கில், 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் நேரில் வந்து பார்வையிடும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

இந்த ஒரு சிக்கலைத் தீர்க்க எத்தனை வகை அறிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பாதாளச் சாக்கடைக் குழாயின் சரிவைக் கணக்கிட்டு, சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்க ஒரு பொறியாளர் வேண்டும். அந்த நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் உண்மையிலேயே சுத்தமானதா என்று அளந்து சொல்ல ஒரு வேதியியலாளர் வேண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறைப்படி, குளிப்பதற்குரிய ஆற்றுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கரைந்துள்ள ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. 100 மில்லிலிட்டர் நீரில் கோலிஃபார்ம் நுண்ணுயிர்கள் 500ஐத் தாண்டக்கூடாது. நீர்மாதிரியை எங்கே, எப்போது, எப்படி எடுப்பது, 27 பாகை வெப்பத்தில் மூன்று நாள்கள் வைத்து எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் ஆய்வகத்தில் கை பழகிய ஒருவருக்கே கைவரும். ஆற்றின் மீனும் பறவையும் கரையோரச் செடியும் என்னவாயின என்று பதிவுசெய்ய விலங்கியலும் தாவரவியலும் கற்றவர் வேண்டும். 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நடைபெற்றுவரும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு அத்தகைய பணிக்கு நம் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு.

ஒருவர் கட்டுகிறார், ஒருவர் அளக்கிறார், ஒருவர் காக்கிறார். மூன்றும் சுற்றுச்சூழல் பணிகளே. மூன்றுக்கும் படிப்பு வெவ்வேறு. ஆகவே பிள்ளையிடம் பெற்றோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "எந்தப் பல்கலைக்கழகம்?" என்பதாக இருக்கலாகாது. "நீ கட்டப்போகிறாயா, அளக்கப்போகிறாயா, காக்கப்போகிறாயா?" என்பதே முதற்கேள்வி. இதற்கு விடை கிடைத்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

வாசல்கள் வெவ்வேறு

இது வெறும் தத்துவப் பேச்சு என்று எண்ணுவோர் வேலைவாய்ப்பு அறிவிப்புகளை எடுத்துப் படிக்கட்டும்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்நுட்பப் பணிகளுக்கு ஆள் எடுக்கும்போது இரண்டு தனித்தனி வாசல்களைத் திறக்கிறது. உதவிப் பொறியாளர் என்பது ஒன்று. சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சிவில், கெமிக்கல் போன்ற பொறியியல் பட்டங்கள் வேண்டும். இரண்டாவதற்கு வேதியியல், விலங்கியல், நுண்ணுயிரியல், சுற்றுச்சூழல் அறிவியல் போன்ற பாடங்களில் முதுகலைப் பட்டம் வேண்டும். முதல் வாசலுக்குரியவர் இரண்டாவதில் நுழைய முடியாது. இரண்டாவதற்குரியவர் முதலாவதில் நுழைய முடியாது. 'அண்ணா' என்ற பெயர் விஞ்ஞானி வாசலைத் திறக்காது; எம்.எஸ்சி. என்ற பட்டம் பொறியாளர் வாசலைத் திறக்காது.

இந்திய வனப்பணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான தகுதிப் பட்டியலில் கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், புவியியற்பாறை அறிவியலான ஜியாலஜி, கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகிய பாடங்களும், வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டங்களும் இடம்பெறுகின்றன. 'சுற்றுச்சூழல் அறிவியல்' என்ற பெயர் தனிப்பாடமாக அதில் இல்லை! களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் பொறுப்பில் ஒரு நாள் அமர வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைக்கு, அந்தச் சொல் பொறித்த இளங்கலைப் பட்டத்தைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுக்கும் தந்தை, கனவின் வாசலைத் தாமே அடைக்க நேரலாம் என்பதை அறிவாரா?

2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்களிலும் இதே கதைதான். அங்கே காற்று மாசு, நீர் மாசு, நிலத்தடி நீரும் பாறையியலும், உயிர்ப்பன்மை, திடக்கழிவு, சமூகப் பொருளாதாரம் என்று துறைவாரியாகவே வல்லுநர்கள் ஏற்கப்படுகிறார்கள். 'பொதுவான சுற்றுச்சூழல் ஆள்' என்று ஒரு நாற்காலி அங்கே கிடையாது.

ஆகவே என் முதல் முடிவு இதுதான்: இளங்கலையில் அடிப்படைத் துறை ஒன்றை ஆழக் கற்கட்டும், சுற்றுச்சூழல் முதுகலையில் வரட்டும். வேரில்லாத பட்டம் விளம்பரத்தில் பசுமையாய்த் தெரியும். முதல் கோடையிலேயே வாடிவிடும்.

வட்டியைக் கட்டி வாங்கும் பட்டம்

இரண்டாவது செய்தி கசப்பானது. ஆயினும் முஸ்லிம்களுக்குள் முஸ்லிம்கள் பேசிக்கொள்ள வேண்டியது.

தகுதி மதிப்பெண்ணில் அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் பெறும் மாணவரைப் பற்றி எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. நெல்லையிலேயே 1981 முதல் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கணிதத்தில் கை தேர்ந்து, கட்டும் பணியில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அங்கே சிவில் கிடைக்குமாயின், கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடும், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் இருக்கின்றன. இவற்றைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் எதற்கு?

நான் எதிர்ப்பது வேறொன்றை. தகுதி இடம் கிட்டாதபோது, மேலாண்மை ஒதுக்கீட்டில் ஓர் இடத்தை விலைக்கு வாங்குகிறோமே, அதை எதிர்க்கிறேன். அதற்காக உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. போதாததற்கு வங்கிக் கல்விக்கடன் வருகிறது. வட்டியின் கொடுமையைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் கேட்டுக் கண் கலங்கும் நாம்தான், பட்டம் என்று வந்ததும் அதே வட்டிக்கு வாசற்கதவைத் திறந்துவிட்டு, "வேறு வழியில்லை" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

வேறு வழி இருக்கிறது. பேட்டை சாலையிலும் பாளையங்கோட்டையிலும் இருக்கிறது. ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி, சாரா தக்கர் கல்லூரி, தூய சவேரியார் கல்லூரி, தூய யோவான் கல்லூரி, ம.தி.தா. இந்துக் கல்லூரி, நம் சமுதாயத்தின் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என்று தலைமுறைகளை ஆளாக்கிய கல்லூரிகள் பேருந்துத் தொலைவில் உள்ளன. வீட்டுச் சோற்றை உண்டு, பேருந்தில் போய்வந்து, அடிப்படை அறிவியல் ஒன்றைக் கற்க முடியும். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் திட்டமும், ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் தருகின்றன. வட்டியில்லாத பாதை வீட்டு வாசலில் கிடக்கையில், வட்டியோடு வரும் பாதையை 'நிர்பந்தம்' என்று அழைப்பது எவ்வகையில் நியாயம்?

விலைக்கு வாங்கிய பொறியியல் இடத்தையும், உழைத்துப் பெற்ற வேதியியல் பட்டத்தோடு கூடிய ஆழ்வார்குறிச்சி எம்.எஸ்சி.யையும் பக்கத்தில் வைத்தால், இரண்டாவதே மேல் என்று தயக்கமின்றிச் சொல்வேன். கடனில்லாத இளைஞர் முதல் வேலையில் குறைந்த ஊதியத்துக்கும் சேரலாம், களத்தில் கற்றுக்கொள்ளலாம், மேற்படிப்புக்குக் காத்திருக்கலாம். கடனாளியான இளைஞருக்கு இந்த உரிமை எதுவும் இல்லை. முதல் மாதமே தவணை கட்ட வேண்டிய அவர், எந்தத் துறையாயினும் சரி என்று கிடைத்த வேலைக்குப் போவார். சுற்றுச்சூழல் கனவு அங்கேயே முடிந்துவிடும்.

"இதில் வேலை எங்கே?"

இந்தக் கேள்வி நியாயமானது. இதை மழுப்பினால் நானும் கல்வி வியாபாரிகளின் வரிசையில் சேர்ந்துவிடுவேன்.

எம்.எஸ்சி. சான்றிதழை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு வேலை எளிதன்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிவிப்புகள் அடிக்கடி வருவதில்லை. இடங்கள் குறைவு, எழுதுவோர் மிகுதி. இதை மறைக்காமல் பிள்ளையிடம் சொல்ல வேண்டும். ஆனால் அதே மூச்சில், இன்று ஊரெங்கும் வேலைக்கு அலையும் பொறியியல் பட்டதாரிகளையும் எண்ணிக்கொள்ள வேண்டும். உறுதி எந்தப் பாதையிலும் இல்லை. உறுதியில்லாத இரண்டில், கடனில்லாததும் மனம் ஒப்பியதும் எதுவோ அதைத் தேர்வதே அறிவுடைமை.

அத்துடன், படிக்கும் காலத்திலேயே செய்யக்கூடியவை சில உண்டு. யூ.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் ஒரு தனிப்பாடம். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு தேர்ச்சி பெறுவோருக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவி கிட்டும். சிறுபான்மை மாணவர்களுக்கென இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் நிறுத்திவிட்ட நிலையில், நம் பிள்ளைகளுக்கு இந்தத் தேர்வின் முக்கியத்துவம் முன்னிலும் கூடியிருக்கிறது. 2021 முதல் கேட் தேர்விலும் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் ஒரு தனித் தாளாக வந்துவிட்டது. ஆழ்வார்குறிச்சியில் படித்தவரும் அதை எழுதலாம். நல்ல மதிப்பெண் பெற்றால் பெரிய பெயருள்ள நிறுவனங்களின் கதவை வட்டியில்லாமல் தட்டலாம். பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்போர், அந்தப் பெயரை முதற்படியில் விலைக்கு வாங்காமல் இரண்டாம் படியில் தேர்வெழுதி வெல்லட்டும்.

இன்னொரு குரலும் எழும்: "அதெல்லாம் எதற்கு? ஒரு ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ முடித்தால் துபாயில் வேலை!" பாதுகாப்பு அலுவலர் பணி கண்ணியமான பணிதான்; உயிர்களைக் காக்கும் பணி. அதைத் தாழ்த்திப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் தொழிற்சாலையில் தலைக்கவசம் அணியச் செய்வதும், தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் நீரைச் சோதிப்பதும் வெவ்வேறு கல்வி. சில மாதப் பயிற்சியைச் 'சுற்றுச்சூழல் படிப்பு' என்று பெயர் சூட்டி விற்பவரிடம், சுற்றுச்சூழல் விஞ்ஞானிப் பணிக்கு அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று கேளுங்கள். விடை சொல்லத் திணறுவார்.

பெண்பிள்ளைகள்

"ஆற்றங்கரையிலும் காட்டிலும் அலையும் படிப்பு நம் பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா?" என்று கேட்கும் பெற்றோரை நான் ஏளனம் செய்யமாட்டேன். பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கவலை எந்த முடிவுக்கு இட்டுச்செல்ல வேண்டும் என்று சிந்தியுங்கள். பொட்டல்புதூரிலிருந்து ஆழ்வார்குறிச்சி கூப்பிடு தொலைவு என்றே சொல்லலாம். கடையநல்லூரிலிருந்தும் அன்றாடம் போய்வர இயலும். தொலைநகரில் விடுதியில் தங்கிப் படிக்க வைக்கும் பொறியியலுக்கு ஒப்பிவிட்டு, வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய எம்.எஸ்சி.க்குப் 'பாதுகாப்பில்லை' என்பது தன் கூற்றையே தான் மறுப்பதாகும்.

மேலும் ஆய்வகச் சோதனை, நுண்ணோக்கிப் பணி, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலப்பயன்பாட்டை வரைதல், அறிக்கை எழுதுதல், கற்பித்தல் என்று இத்துறையின் பெரும்பகுதி சுவர்களுக்குள்ளேயே நடக்கிறது. களப்பணியும் குழுவாகவே செய்யப்படுவது. மாசுபட்ட நீரின் சுமையை வீட்டில் முதலில் சுமப்பவர் யார்? குடத்தைத் தூக்குபவரும், குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு இரவெல்லாம் விழித்திருப்பவரும் யார்? அவர்களுள் ஒருத்திக்கு அந்த நீரைச் சோதிக்கும் அறிவும் இருந்தால் தெருவுக்கே பயன்.

தீனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உளூச் செய்ய அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு நீரே பயன்படுத்தியதாக ஹதீஸ்களில் காண்கிறோம். அது ஏறத்தாழ முக்கால் லிட்டர். நம் பள்ளிவாசல் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, ஒரே ஒரு வாளியை வைத்து, ஒருவர் உளூச் செய்து முடிப்பதற்குள் எவ்வளவு நிறைகிறது என்று அளந்து பாருங்கள். நீர்நிலைகளிலும் நிழலிலும் நடைபாதையிலும் அசுத்தம் செய்வதை நபியவர்கள் வன்மையாகத் தடுத்திருக்கிறார்கள். மரம் நட்டவருக்கு, அதிலிருந்து பறவை உண்பதும் தர்மமாக எழுதப்படும் என்று நற்செய்தி கூறியிருக்கிறார்கள். இவற்றை மேடையில் சொல்லிவிட்டு, பாளையங்கால்வாயில் கோழிக்கழிவு மூட்டை விழுவதைக் கண்டும் காணாமல் போகும் சமுதாயம் தன் பேச்சைத் தானே பொய்ப்பிக்கிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தையும் கணக்கையும் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தார்கள். ஊரில் சிலராவது அவற்றைக் கற்றிருக்க வேண்டும். எவருமே கல்லாவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்துக்கு ஆளாகும். இந்த அளவுகோலை நம் ஊர்களின்மேல் வைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் தொடர்வண்டியொன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தில் சிக்கி நின்றது. நம் இளைஞர்கள் படகில் சென்று உணவு கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் குளக்கரை எங்கே உடைந்தது, வடிகால் எங்கே அடைபட்டது, அடுத்த முறை நீர் எந்தத் தெருவில் புகும் என்று வரைபடம் போட்டுச் சொல்ல நம்முள் எத்தனை பேர் இருந்தார்கள்?

2024 டிசம்பரில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்டது வெளிவந்தபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு அவற்றைத் திருப்பி எடுத்துச் செல்ல வைத்தது. தீர்ப்பாயத்தின் முன் கண்ணீர் மட்டும் போதாது. ஆவணமும் அளவீடும் வேண்டும். தூத்துக்குடி தாமிர ஆலை வழக்கில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தபோதும், ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைகளே அங்கே விவாதிக்கப்பட்டன. புதிய ஆலையொன்று வருவதாகப் பொதுக்கருத்துக் கேட்புக்கு அறிவிப்பு வந்தால் அதற்குக் கிடைக்கும் கால அவகாசம் குறைந்தது 30 நாள்கள். அந்த நாள்களுக்குள் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்து, அதில் உள்ள ஓட்டையைச் சுட்டிக்காட்ட உங்கள் மஹல்லாவில் ஒருவர் இருக்கிறாரா? இல்லையென்றால் அந்த ஃபர்ளு கிஃபாயா இன்னும் நிறைவேறவில்லை.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

பைத்துல்மாலிலிருந்தும் கல்வி அறக்கட்டளைகளிலிருந்தும் உதவித்தொகை வழங்குவோரே! உங்கள் பட்டியலில் மருத்துவமும் பொறியியலும் மட்டும் இருப்பது ஏன்? ஆண்டுக்கு ஒருவர், ஒரே ஒருவர், வேதியியலோ விலங்கியலோ முடித்து ஆழ்வார்குறிச்சிக்குப் போகட்டும். இன்னொருவர் கிள்ளிகுளத்தில் வேளாண்மையோ மேட்டுப்பாளையத்தில் வனவியலோ படிக்கட்டும். ஒரு மேலாண்மை ஒதுக்கீட்டு இடத்துக்கு ஒரு குடும்பம் படும் கடனை எண்ணினால், இது எளிதாகச் சுமக்கக்கூடிய செலவு. பதிலுக்கு அவர்களிடம் பணி கேளுங்கள்: ஆண்டுக்கு இருமுறை மஹல்லாவின் கிணற்று நீரையும் கால்வாய் நீரையும் சோதித்து, முடிவைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். உளூ நீரைத் தோட்டத்துக்குத் திருப்பும் ஏற்பாட்டுக்கு ஒரு சிவில் மாணவரிடம் திட்டம் கேளுங்கள். கட்டுபவரும் அளப்பவரும் ஒரே பள்ளிவாசலில் சந்திக்கட்டும்.

பெற்றோர்களே! இந்த மே மாதத்தில் விண்ணப்பப் படிவத்தை எடுக்குமுன், மூன்று கேள்விகளைப் பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள். எந்தப் பணியைச் செய்யப்போகிறாய்? அந்தப் பணிக்கான அறிவிப்பு எந்தப் பட்டத்தைக் கேட்கிறது? அந்தப் பட்டத்தை வட்டியில்லாமல் எங்கே பெறலாம்? இவை மூன்றுக்கும் விடை கிடைத்தபின், பல்கலைக்கழகத்தின் பெயர் தானாக முடிவாகும். அது கிண்டியாகவும் இருக்கலாம், ஆழ்வார்குறிச்சியாகவும் இருக்கலாம். கட்டப்போகும் பிள்ளையை ஆழ்வார்குறிச்சிக்கு அனுப்புவதும் தவறு. அளக்கப்போகும் பிள்ளையைக் கடன் வாங்கிப் பொறியியலில் தள்ளுவதும் தவறு.

பூமியின் பொறுப்பாளனாக மனிதனை ஆக்கிய இறைவன், நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அதைத் தடுக்காத மனத்தையும் அருள்வானாக. ஆமீன்.